மராகேஷிலிருந்து ஒரே நாளில் ஐத் பென் ஹத்தூவும் வர்ஸஸாத்தும்: முழுமையான வழிகாட்டி

மொராக்கோவின் மராகேஷ் நகரில் தங்குபவர்கள் பலரும் ஒரு நாளை ஒதுக்கி, அட்லஸ் மலையைத் தாண்டிப் போய், மண்கோட்டை ஊரான ஐத் பென் ஹத்தூவையும் சினிமா ஊரான வர்ஸஸாத்தையும் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்புகிறார்கள். போக 200 கிலோமீட்டர், வர 200. நான் நான்கு தடவை போய் வந்திருக்கிறேன். முதல் தடவை நானே சொதப்பினேன். மற்ற மூன்று தடவையும் கூட வந்தவர்கள் எங்கெங்கே சொதப்புகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

கணக்கு இதுதான். காலை 7 மணிக்கு வண்டி ஏறினால் இரவு 8 மணி வாக்கில் இறங்குவீர்கள். அந்த 13 மணி நேரத்தில் எட்டுக்கும் மேல் இருக்கையிலேயே போய்விடும். சாப்பாடு, கழிப்பறை, கடை வாசலில் நிற்பது எல்லாம் போக, காலாற நடந்து பார்க்க மிஞ்சுவது மூன்று, மூன்றரை மணி நேரம். அந்த மூன்றரை மணி நேரம் கைநழுவாமல் இருக்கத்தான் கீழே உள்ள ஒவ்வொரு படியும்.

1. எந்தப் பாலைவனம் என்று முதலில் தெளிவாகுங்கள்

இந்தப் பாதையில் மணல்மேடு கிடையாது. விளம்பரத் தாளில் ஒட்டகமும் மணலும் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்கப்போவது கல்லும் செம்மண்ணும், காய்ந்த ஆற்றுப்படுகையும், ஆற்றோரமாக ஒரு கீற்றுப் பச்சையும். பாலைவனம் தொடங்கும் வாசல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மணல்மேடுதான் வேண்டும் என்றால் மெர்ஸூகாவுக்குப் போக வேண்டும். அது மராகேஷிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். போய்வர மூன்று நாளாவது வேண்டும். இதை முதலிலேயே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. என் அத்தை வழியெல்லாம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், வர்ஸஸாத்தில் இறங்கியதும், "ஏண்டா, மணல் எப்போ வரும்?" என்றார்.

2. பகிர்வு வேனா, தனி வண்டியா

பகிர்வு வேன் என்பது 15, 17 பேர் உட்காரும் மினிபஸ். மலிவு. ஆனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது டிரைவர் கையில். தனி வண்டிக்குக் காசு அதிகம். நான்கைந்து பேர் சேர்ந்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் யோசிக்காமல் தனி வண்டி எடுங்கள்.

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான்: டிரைவர் வேறு, கைடு வேறு. அங்கே கைடு வேலைக்கு அரசு அங்கீகாரம் வேண்டும். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். 'கைடுடன் கூடிய பயணம்' என்று காசு கட்டியிருப்பீர்கள், ஆனால் ஐத் பென் ஹத்தூ வாசலில் டிரைவர் இறக்கிவிட்டு, "உள்ளூர் கைடு வேண்டுமானால் தனியாகக் கொடுங்கள்" என்பார். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. ஆகவே பதிவு செய்யும்போதே நான்கு கேள்வி கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்: உள்ளூர் கைடு சேர்த்தியா? வர்ஸஸாத் சினிமா ஸ்டுடியோவுக்கு நுழைவுச் சீட்டு சேர்த்தியா? மதியச் சாப்பாடு சேர்த்தியா? வர்ஸஸாத் வரைக்கும் போகுமா, இல்லை ஐத் பென் ஹத்தூவோடு திரும்பிவிடுமா?

தனி வண்டிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அட்லஸ் மலையின் திஷ்கா கணவாய் தாண்டியதும் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, தெலூயெத் வழியாக ஊனிலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி ஐத் பென் ஹத்தூவுக்கு வருவது. எனக்குப் பிடித்த பாதை இதுதான். மண் வீடுகளும் பாதாம் மரங்களுமாகக் கூடவே வரும். ஆனால் கூடுதலாக ஒரு மணி நேரமாவது பிடிக்கும், அன்றைக்கு ஸ்டுடியோவை மறந்துவிட வேண்டியதுதான். தெலூயெத்தில் உள்ள பழைய கஸ்பா, அதாவது கோட்டை மாளிகை, 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்தில் பலமாக அடிவாங்கியது. உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

3. மாதம் பார்த்து நாள் குறியுங்கள்

மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் 40 டிகிரியைத் தொடும். நிழலே இல்லாத மண் படிகளில் ஏற வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வேறு சிக்கல்: பனி கொட்டினால் கணவாயை மூடிவிடுவார்கள். அதனால் குளிர்காலத்தில் போகிறவர்கள் இந்தப் பயணத்தை மராகேஷ் தங்கலின் முதல் நாட்களிலேயே வையுங்கள். பாதை மூடினால் மறுநாளுக்குத் தள்ளிப்போடலாம். கடைசி நாளில் வைத்தால் அதோடு போச்சு.

ரமலான் மாதத்தில் போனால் கடிகாரத்தையும் கவனிக்க வேண்டும். மொராக்கோ வருடம் முழுக்க கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ரமலானில் மட்டும் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த மாற்றத்தை ஒட்டிய நாளில் கிளம்பினால் வண்டி ஏறும் நேரத்தை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்யுங்கள்.

4. முந்தின இரவே முடிக்க வேண்டியவை

சில்லறை. இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். ஏடிஎம்மில் 200 திர்ஹம் நோட்டாக வரும்; மலை வழியில் கழிப்பறைக்கு நாணயம் கேட்பார்கள், உள்ளூர் கைடுக்கு 20, 50 வேண்டும். முந்தின நாளே கடையில் ஏதாவது வாங்கி நோட்டை உடைத்துக்கொள்ளுங்கள். மலை தாண்டினால் அட்டையை நம்ப முடியாது.

வாந்தி மாத்திரை. கணவாய்ப் பாதையில் வளைவு ஓயாது. "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவர்தான் எங்கள் வண்டியில் முதலில் பையைக் கேட்டார். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் இல்லை. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும்.

காலைச் சாப்பாடு. ரியாத் எனப்படும் முற்றம் வைத்த பழைய வீட்டு விடுதிகளில் காலை உணவு பெரும்பாலும் 8 மணிக்குத்தான். நீங்கள் 7 மணிக்குக் கிளம்பிவிடுவீர்கள். முந்தின இரவே சொல்லிவைத்தால் ரொட்டி, முட்டை, பழம் என்று பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். காலையில் கேட்டால் கிடைக்காது.

உடை. ஒரே நாளில் மூன்று பருவம். மராகேஷில் இதமாக இருக்கும், 2,260 மீட்டர் உயரக் கணவாயில் காற்று அறையும், அந்தப் பக்கம் வெயில் கொளுத்தும். ஒரு கனமான ஸ்வெட்டரைவிட, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய இரண்டு மெல்லிய துணிகள் நல்லது. செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். வழியில் போலீஸ் நிறுத்தம் உண்டு.

அப்புறம், டிரோன். மொராக்கோவுக்குள் அனுமதியில்லாமல் கொண்டுவரவே கூடாது. விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். படப்பிடிப்பு ஊராயிற்றே என்று ஆசைப்படாமல் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

5. ஏறும் இடமும் இருக்கையும்

பழைய நகரச் சந்துகளில் கார் நுழையாது. ஜெமா அல் ஃப்னா சதுக்கத்தை ஒட்டிய ஏதாவது கஃபே வாசலில் நிற்கச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அங்கே ஒரே மாதிரி வெள்ளை வேன்கள் வரிசையாக நிற்கும், எல்லாம் வேறு வேறு ஊருக்கு. அந்தக் கஃபேயை முந்தின நாள் மாலையே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். டிசம்பரில் 8 மணிக்கு மேல்தான் விடியும். இருட்டில் சந்துகளுக்குள் தேடிக்கொண்டு ஓடுவது வேண்டாத வேலை. வேனில் ஏறுமுன் ஊர்ப் பெயரை டிரைவரிடம் சொல்லிக் கேளுங்கள், கையில் இருக்கும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பத்து நிமிடம் முன்னால் போனால் முன்னிருக்கை கிடைக்கும். கடைசி வரிசையில் வளைவுக்கு வளைவு தூக்கிப்போடும். தலைசுற்றல் பாதிக்குப் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

6. திஷ்கா கணவாய்: இறங்குங்கள், வாங்காதீர்கள்

மேலே ஏறும்போது இரண்டு நிறுத்தம் இருக்கும். ஒன்று காட்சிமுனை, மற்றது கடை. காட்சிமுனையில் இறங்கிக் காலை நீட்டுங்கள், கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள். அடுத்தது எங்கே என்று சொல்ல முடியாது.

வழியோரத்தில் உடைத்த கற்களை அடுக்கி விற்பார்கள். வெளியே சாதாரண உருண்டை, உள்ளே பளபளவென்று ஊதா, ரத்தச் சிவப்பு, மயில் நீலம். அந்தக் கண்ணைப் பறிக்கும் நிறங்கள் பெரும்பாலும் சாயம். விரலை ஈரமாக்கி உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். எங்கள் நண்பர் பேரம் பேசி வாங்கிய கல் ஈரத் துணியில் துடைத்ததும் கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டது. வெள்ளைப் படிகமாகவே இருப்பது நம்பலாம், விலையும் குறைவு.

ஆர்கன் என்ற மரத்தின் கொட்டையிலிருந்து எண்ணெய் எடுக்கும் கூடம் ஒன்றிலும் நிறுத்துவார்கள். அந்த மரம் இயல்பாக வளர்வது தென்மேற்கே அகாதீர், எஸ்ஸவீரா பக்கம். இந்த மலைச்சாலைக்கு அது விருந்தாளி. பெண்கள் கல் திருகையில் கொட்டையை அரைப்பதைப் பார்க்கலாம், நன்றாக இருக்கும். ஆனால் இங்கே போகும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மூன்றரை மணி நேரத்தில் கழிகிறது. தனி வண்டி என்றால் "கடை வேண்டாம், நேராகப் போகலாம்" என்று காலையிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

7. எது முதலில்: கோட்டையா, ஸ்டுடியோவா

மராகேஷிலிருந்து வரும்போது ஐத் பென் ஹத்தூ திருப்பம் முதலில் வரும். வர்ஸஸாத் இன்னும் 30 கிலோமீட்டர். அதனால் எல்லா வேனும் 11 மணியிலிருந்து 2 மணிக்குள் கோட்டையில்தான் நிற்கும். படியில் வரிசை, ஒவ்வொரு திருப்பத்திலும் செல்ஃபி.

தனி வண்டி இருந்தால் கோடை தவிர மற்ற மாதங்களில் இதைத் திருப்பிப் போடுங்கள். நேராக ஸ்டுடியோ, சாப்பாடு, பிறகு திரும்பும் வழியில் கோட்டை. கூட்டம் குறைந்திருக்கும், வெயில் சாய்ந்திருக்கும். உச்சி வெயிலில் மண்சுவர் வெளிறிக் கிடக்கும். சாயும் வெயிலில்தான் அந்தச் செம்மை எழுந்து வரும். கோடையில் மட்டும் கோட்டை முதலில், அதுவும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். பகிர்வு வேனில் இந்தத் தேர்வு உங்களுக்கு இல்லை.

8. ஐத் பென் ஹத்தூ: உச்சியிலிருந்து கீழே

இது தனிக் கோட்டை அல்ல. மதில் சூழ்ந்த ஒரு ஊர். கஸார் என்பார்கள். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது உள்ளே சில குடும்பங்களே இருக்கின்றன. மற்றவர்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் புது ஊரில். வண்டி நிற்பதும் இங்கேதான்.

ஆற்றைக் கடக்கப் பாலம் உண்டு. தண்ணீர் குறைந்த நாளில் கல்லும் மணல் மூட்டையும் போட்டு வைத்த வழியும் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் பாலத்திலேயே போங்கள். ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் சில வீடுகளுக்குள் போய்ப் பார்க்கச் சிறு தொகை கேட்பார்கள், அது நியாயம்தான்: அது அவர்கள் வீடு. வீட்டு வாசலில் நிற்பவர் ஊர் வாசலில் நிற்பதுபோல் பேசுவார், "இது வீடா, வழியா?" என்று கேட்டாலே போதும், தெளிவாகிவிடும்.

உள்ளே போனதும் கடைகளில் நிற்காதீர்கள். நேராக உச்சிக்கு ஏறுங்கள். அங்கே ஊர்ப் பொதுத் தானியக் களஞ்சியத்தின் இடிபாடு இருக்கிறது. நிதானமாக ஏறினால் 20, 25 நிமிடம். முதலில் ஏறச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழே கடை கடையாக நின்று ஏறினால் பாதி வழியில் "நேரமாச்சு" என்று கூப்பிட்டுவிடுவார்கள். உச்சியை முடித்துவிட்டால் இறங்கும்போது எங்கே நேரம் போனாலும் நஷ்டமில்லை. மேலே காற்று பலமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது ஒரு சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மண்ணோடு கலந்த வைக்கோல் துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்ப்பகுதி, பலகை அடைத்து மண்ணைக் கொட்டி இடித்து இறுக்கிய கனத்த சுவர். மேலே கோபுரங்களில் சுடாத செங்கல், அதில் கோலம்போல் குழித்த வடிவங்கள். மழை இதைக் கரைத்துக்கொண்டே இருக்கும், பூசிக்கொண்டே இருக்க வேண்டும். நிலநடுக்கத்தில் இங்கேயும் சில சுவர்கள் விழுந்தன. படத்துக்காகச் சுவர்மேல் ஏறுவதும் சாய்வதும் வேண்டாம். பொரபொரவென்று கையோடு வரும்.

சினிமா விஷயம். இங்கே எடுத்த படங்களில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962இல் வந்தது, 'தி மம்மி' 1999இல், 'கிளாடியேட்டர்' 2000இல். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் மூன்றாம் பருவத்தில் யுங்காய் நகரமாக வருவதும் இந்த ஊர்தான். எல்லாரும் கேட்பது, "கிளாடியேட்டர் சண்டை போட்ட அரங்கம் எங்கே?" அது படத்துக்காகக் கட்டியது, படம் முடிந்ததும் போய்விட்டது. வெட்டவெளியைக் காட்டி, "இங்கேதான்" என்பார் கைடு. அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க ஒரு வழி: கிளம்புமுன் பிடித்த காட்சிகள் நான்கைந்தைப் போனில் படமாக எடுத்து வையுங்கள். ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்று, போனைக் கண்ணெதிரே பிடித்து, கோபுரங்களை ஒப்பிடுங்கள். எது உண்மையான ஊர், எது கணினியில் ஒட்டியது என்று பிடிபடும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை.

ஏதாவது வாங்குவதென்றால் இங்கே வாங்குங்கள். குங்குமப்பூ, தேயிலைச் சாயம், சர்க்கரை கலந்து தாளில் வரைகிறார்கள். வரையும்போது கோடு வெளிறியே இருக்கும். பிறகு தாளை கேஸ் அடுப்பின் சுடருக்கு மேல் காட்டி மெல்ல அசைப்பார்கள். கருகிய சர்க்கரை வாசம் எழும், கோபுரம் கோபுரமாகப் பழுப்பு நிறத்தில் ஊர் தாளில் எழுந்து வரும். பேரம் பேசலாம், ஆனால் அவர் தாளைச் சுடரில் காட்டத் தொடங்கிய பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்காதீர்கள்.

ஆட்களைப் படமெடுக்குமுன் கேளுங்கள். வேஷம் கட்டி நிற்பவர் காசு கேட்பார். சம்மதம் என்றால் மட்டும் எடுங்கள்.

9. சாப்பாடு: சைவர்கள் கவனத்துக்கு

டிரைவர் நிறுத்தும் இடத்தில் கூஸ்கூஸ் (கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்தது) அல்லது தஜீன் (மண்சட்டியில் மெல்ல வேகும் குழம்பு) கிடைக்கும். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் காய்கறித் தஜீன் வரும். அதில் கறி வெந்த சாறு இருக்கலாம். ஹரீரா என்ற தக்காளி, பருப்பு சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு. "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். சாறும் வேண்டாம் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ரொட்டி, ஆலிவ், சாலட், தக்காளியில் வேகவைத்த முட்டை. எங்கள் அத்தை எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியில் தடவியபோது பரிமாறியவர் வாங்கி ருசி பார்த்தார். அவர்களும் எலுமிச்சையை உப்பில் ஊறப்போடுகிறவர்கள்தான், காரம் மட்டும் அவரைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது.

தஜீன் வரத் தாமதமாகும். உட்கார்ந்ததுமே ஆர்டர் கொடுங்கள், பிறகு போனில் எடுத்த படங்களைப் பாருங்கள்.

10. வர்ஸஸாத்: ஒன்றைத்தான் பார்க்க முடியும்

அட்லஸ் ஸ்டுடியோ ஊருக்கு வெளியே, மராகேஷ் சாலையிலேயே இருக்கிறது. ஊருக்குள் தாவ்ரிர்த் கஸ்பாவும், அதற்கு எதிரே சினிமா அருங்காட்சியகமும். மூன்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எதையும் பார்க்காமல் திரும்புவீர்கள். கோட்டை ஊரை எப்படியும் பார்ப்பதால் என் ஓட்டு ஸ்டுடியோவுக்கு. நேரம் குறைந்துபோனால் அருங்காட்சியகம் போதும். சிறியது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஸ்டுடியோ 1983இல் தொடங்கியது. உள்ளே அவர்களுடைய கைடோடு குழுவாகத்தான் சுற்ற முடியும். போனதும் முதல் வேலையாக அடுத்த ஆங்கிலக் குழு எப்போது என்று கேளுங்கள். பிரெஞ்சுக் குழுவில் மாட்டிக்கொண்டு தலையாட்டி வந்தவர்களை எனக்குத் தெரியும். படப்பிடிப்பு நடக்கும் நாளில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். இன்று என்ன திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

'குந்துன்' படத்துக்காக 1997 வாக்கில் போட்ட திபெத்திய மடம், ஆஸ்டெரிக்ஸ்-கிளியோபாட்ரா படத்துக்கான எகிப்தியக் கோயில் என்று நடந்துகொண்டே நாடு மாறலாம். பெரிய எகிப்தியத் தூண் ஒன்றை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பெட்டி தட்டுவதுபோல் கேட்கும். பின்னால் போனால் மரச்சட்டமும் சாரமும், பிளாஸ்டர் உதிர்ந்த இடத்தில் சணல் நாரும். கோட்டையில் நிஜ மண்ணைத் தொடும் அதே கை இங்கே பொய்க் கல்லைத் தொடுவதுதான் இந்த நாளின் ருசியே. உதிர்ந்து கிடக்கும் துண்டை நினைவுக்கு என்று பையில் போடாதீர்கள், கைடு பார்த்துக்கொண்டேதான் வருவார்.

11. திரும்பும் நேரத்தில் கறாராக இருங்கள்

குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கும், மற்ற மாதங்களில் நான்கரை மணிக்கும் மேல் தாமதிக்காதீர்கள். கணவாயை வெளிச்சத்திலேயே தாண்டிவிட வேண்டும். இருட்டினால் மூடுபனி, எதிரே லாரி, வளைவில் முந்தும் வண்டிகள். கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொண்டவர்கள் ஸ்டுடியோவிலிருந்து ஒன்றரை மணிக்கே கிளம்பிவிட வேண்டும். டிரைவர் விடியலிலிருந்து ஓட்டுகிறார். மேலே ஒரு புதினாத் தேநீர் நிறுத்தத்தை நீங்களாகவே கேளுங்கள். அந்தக் கால்மணி நேரத்தில் கை வைக்காதீர்கள்.

அன்றிரவு ரயிலோ விமானமோ போடவே கூடாது. ஒரு தடவை மலையில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட, நாங்கள் ஊர் சேர்ந்தபோது இரவு 11 மணி.

இந்த ஓட்டமே வேண்டாம் என்று தோன்றினால், ஐத் பென் ஹத்தூவில் ஒரு இரவு தங்கிவிடுங்கள். வேன்கள் கிளம்பியபிறகு ஊர் அமைதியாகிவிடும், காலை 7 மணிக்கு உச்சியில் நீங்களும் காற்றும்தான்.

இறங்கும்போது டிரைவருக்கான டிப்ஸை ஒருவர் பொறுப்பாக வசூலித்து ஒரே தொகையாகக் கொடுங்கள். அதற்கான நோட்டைக் காலையிலேயே தனியாக எடுத்து வைத்திருந்தால், இரவு 8 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் 20 என்று நினைத்து 200 கொடுக்காமல் இருக்கலாம்.